நியூரோஃபீட்பேக் பயிற்சி: கருவியோடு வரும் இரண்டு நாள் வகுப்பு போதுமா?

#1 நூல்கண்டு

வணக்கம். மருத்துவ உளவியலில் ஆறு வருடமாக இருக்கிறேன். என்னிடம் வருபவர்களில் பாதிப்பேருக்குப் பதற்றமும் தூக்கமின்மையும். மீதியில் கணிசமானோர் கவனக்குறைபாடு உள்ள பிள்ளைகளும் அவர்களுடைய பெற்றோரும். "மாத்திரை இல்லாமல் ஏதாவது வழி இருக்கிறதா" என்று மாதத்திற்கு நான்கு பேராவது கேட்டுவிடுகிறார்கள். அப்படித்தான் நியூரோஃபீட்பேக் (மூளையின் மின்னலையை உடனுக்குடன் திரையில் காட்டி, அதை மாற்றப் பழக்குவது) பக்கம் வந்து சேர்ந்தேன்.

கருவி விற்பவர் ஒருவர் பேசினார். வாங்கினால் இரண்டு நாள் பயிற்சி இலவசமாம். மூன்றாம் நாளே கிளையன்ட் பார்க்கலாமாம், எந்த அலையைக் கூட்டுவது, எதைக் குறைப்பது என்ற ப்ரோட்டோகாலை மென்பொருளே தேர்ந்தெடுத்துக் கொடுத்துவிடுமாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அதனாலேயே கொஞ்சம் உதைக்கிறது.

முறையாகக் கற்க வேண்டுமென்றால் எங்கிருந்து தொடங்குவது? முதலில் பயோஃபீட்பேக்கா (தசை, மூச்சு, இதயத்துடிப்பு, கை வெப்பம் போன்றவற்றை அதேபோல் காட்டிப் பழக்குவது), நேராக நியூரோவா? சான்றிதழ் எதற்கு மதிப்பு? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

#2 மூத்தகாக்கை

கருவியை இப்போது வாங்காதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

விற்பவர் தரும் வகுப்பில் தவறு எதுவும் இல்லை. எந்தப் பொத்தானை எப்போது அழுத்துவது என்று நன்றாகவே சொல்லித் தருவார்கள். ஆனால் அது கருவியைப் பற்றிய வகுப்பு. எதிரே உட்கார்ந்திருக்கும் ஆளைப் பற்றி அதில் ஒன்றும் இருக்காது.

சான்றிதழ் என்றால் இந்தத் துறையில் பலரும் அளவுகோலாக வைத்துக்கொள்வது பி.சி.ஐ.ஏ. என்ற பயோஃபீட்பேக் சான்றளிப்பு அமைப்பு தருவதைத்தான். 1981-இல் அமெரிக்காவில் தொடங்கிய அமைப்பு, 2010-இல் பெயரில் 'பன்னாட்டு' என்பதைச் சேர்த்துக்கொண்டது. பொது பயோஃபீட்பேக், நியூரோஃபீட்பேக், இடுப்புத்தளத் தசைக் கோளாறு என்று மூன்று தனித்தனிச் சான்றிதழ்கள்.

நியூரோவுக்குப் பாடவகுப்பு 36 மணி நேரம். நரம்பு உடற்கூறியல் அல்லது அதற்கு இணையான ஒரு படிப்பு தனி. பிறகு ஒரு மென்டரோடு 25 மணி நேரம் உட்கார வேண்டும். அந்த 25 மணிக்குள் உங்கள் மேலேயே செய்துகொண்ட 10 செஷன், கிளையன்ட்களோடு செய்த 100 செஷன், 10 கேஸ் விவாதங்கள் எல்லாவற்றையும் அவர் பார்த்துக் கருத்துச் சொல்வார். கடைசியில் எழுத்துத் தேர்வு. பொது பயோஃபீட்பேக்கில் பாடவகுப்பு 42 மணி, மென்டரோடு 20 மணி, கிளையன்ட் செஷன் 50. நான்கு வருடத்திற்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

இந்த எண்களில் எது முக்கியம் என்று யாரைக் கேட்டாலும் 36 என்பார்கள். நான் 10 என்பேன். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன், இல்லை, நீங்களே கண்டுபிடிப்பீர்கள்.

இன்னொன்று: சான்றிதழ் என்பது உரிமம் இல்லை. உங்களுக்கு ஏற்கெனவே தொழில் உரிமம் இருப்பதால் பிரச்சினை இல்லை. உரிமம் இல்லாதவர் ஒரு நோய்க்குச் சிகிச்சையாக இதைச் செய்வதானால், உரிமம் உள்ள ஒருவரின் மேற்பார்வையில்தான் செய்ய வேண்டும்.

#3 பனைநிழல்

36 மணி நேரத்தை ஆன்லைனில் முடிக்கலாமா?

#4 மூத்தகாக்கை

பாடத்தை முடிக்கலாம். தலையைத் துடைத்து, பேஸ்ட் வைத்து, எலெக்ட்ரோடு ஒட்டுவதை மட்டும் ஒருவர் பக்கத்தில் நின்று உங்கள் கையைப் பிடித்துச் சொல்லித் தர வேண்டும். நீச்சலைத் திரையில் பார்த்துக் கற்ற மாதிரி ஆகிவிடக் கூடாது.

#5 தசைநார்

நான் இயன்முறை மருத்துவர். இடுப்புத்தளத் தசைப் பயிற்சிதான் என் வேலையில் பெரும்பகுதி. பயோஃபீட்பேக் என்றாலே மூளை அலை என்று பேச்சு போய்விடுகிறது, அதனால் ஒரு வார்த்தை.

மலம் கழிக்கும்போது தளர வேண்டிய தசை இறுகிக்கொள்ளும் ஒருவகை மலச்சிக்கல் உண்டு. அவருக்கு எத்தனை விளக்கிச் சொன்னாலும் புரியாது, ஏனென்றால் தான் இறுக்குகிறோம் என்பதே அவருக்குத் தெரியாது. திரையில் கோடு மேலே ஏறுவதைப் பார்த்ததும் "ஓ, இதுவா" என்பார். அந்த 'ஓ'தான் சிகிச்சை. இந்தப் பிரச்சினையில் பயோஃபீட்பேக்குக்கு உள்ள ஆதாரம் உறுதியானது. நியூரோ ஆட்கள் பொறாமைப்பட வேண்டிய அளவுக்கு என்றுகூடச் சொல்வேன். தலைவலியும் அப்படித்தான். இறுக்கத் தலைவலிக்கு இ.எம்.ஜி. (தசையின் மின்சாரத்தை அளப்பது), ஒற்றைத் தலைவலிக்குக் கை வெப்பப் பயிற்சி என்று பல பத்தாண்டுகளாக நடந்துவரும் வேலை.

இ.எம்.ஜி.யில் தொடங்குங்கள் என்பது என் கட்சி. தோளைத் தூக்கினால் மைக்ரோவோல்ட் ஏறும், இறக்கினால் இறங்கும். காரணமும் விளைவும் கண்ணெதிரே. பின்னூட்டம் என்றால் என்ன என்பது உடம்புக்குப் புரிந்துவிடும். மூளை அலையில் அந்த நேர்மை கிடையாது. கோடு ஏன் ஏறியது என்று கிளையன்டுக்கும் தெரியாது, பல நேரம் நமக்கும் தெரியாது.

#6 சந்தேகப்பிராணி

கடைசி வரிக்காகவே உங்களுக்கு ஒரு வணக்கம், தசைநார்.

நூல்கண்டு, பயிற்சிக்குப் போகுமுன் ஒரு விஷயத்தைப் பார்த்துவிடுங்கள். கவனக்குறைபாட்டுக்கு நியூரோஃபீட்பேக் பற்றி 2016-இல் ஒரு தொகுப்பாய்வு வந்தது. 13 ஆய்வுகள், 520 பிள்ளைகள். சிகிச்சை நடப்பதை அறிந்த பெற்றோர் மதிப்பெண் போட்டால் முன்னேற்றம் தெரிகிறது. எந்தக் குழு என்று அறியாதவர்கள் மதிப்பெண் போட்டதைப் பார்த்தால் அந்த வித்தியாசம் கரைந்துவிடுகிறது.

2021-இல் வந்தது இன்னும் கறாரான ஆய்வு. 7 முதல் 10 வயது வரை உள்ள 144 பிள்ளைகள், 38 செஷன், மெதுவான தீட்டா அலைக்கும் வேகமான பீட்டா அலைக்கும் உள்ள விகிதத்தைக் குறைக்கும் ப்ரோட்டோகால். ஒரு பகுதியினருக்கு உண்மையான பின்னூட்டம், மற்றவர்களுக்குப் போலிப் பின்னூட்டம். யாருக்கு எது என்று பிள்ளைக்கோ பெற்றோருக்கோ சிகிச்சையாளருக்கோ தெரியாது. முடிவில் இரண்டு குழுவும் முன்னேறின, இரண்டுக்கும் இடையே சொல்லிக்கொள்ளும் வித்தியாசம் இல்லை.

இதைத் தெரிந்துகொண்டே மாத்திரைக்கு மாற்று என்று பெற்றோரிடம் சொல்ல உங்களுக்கு மனம் வருமா?

#7 நூல்கண்டு

வராது. இந்த இரண்டு ஆய்வுகளைப் பற்றியும் விற்பவர் ஒன்றும் சொல்லவில்லை. அவர் சொல்வார் என்று எதிர்பார்த்த என்னைத்தான் சொல்ல வேண்டும். அப்படியானால் இந்தத் துறைக்குள் வருவதே வீணா?

#8 மூத்தகாக்கை

வீணில்லை. ஆனால் சந்தேகப்பிராணி சொன்ன இரண்டு ஆய்வுகளும் உண்மை, அவற்றை மழுப்புகிறவர்களிடம் பயிற்சிக்குப் போகாதீர்கள். பயிற்றுநரைத் தேர்ந்தெடுக்க என்னிடம் உள்ள ஒரே சோதனை அதுதான்: "2021 ஆய்வைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். கோபப்பட்டால் வெளியே வந்துவிடலாம். "இரண்டு குழுவும் ஏன் முன்னேறின என்று யோசித்திருக்கிறேன்" என்று பேச ஆரம்பித்தால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருங்கள்.

38 தடவை ஒரு பிள்ளையை அமைதியாக உட்கார வைத்து, முழுக் கவனத்தோடு ஒரு பெரியவர் பக்கத்தில் இருந்தால் பிள்ளை முன்னேறத்தான் செய்யும். அதில் மூளை அலைக்குப் பங்கு எவ்வளவு என்பதுதான் கேள்வி. நான் பெற்றோரிடம் சொல்வது: "இதை முதல் சிகிச்சையாக நான் பரிந்துரைக்க மாட்டேன். மருத்துவர் கொடுத்த மாத்திரையை இதற்காக நிறுத்தக் கூடாது. கூடுதலாக முயன்று பார்க்க விரும்பினால், இத்தனை செஷனில் மாற்றம் தெரியாவிட்டால் நிறுத்திவிடுவோம் என்று முன்கூட்டியே எழுதிக்கொள்வோம்." இதைச் சொன்ன பிறகும் வருபவர்கள் வருகிறார்கள். குறைவாக.

துறையின் வேர் ஒன்றும் போலி அல்ல. கலிஃபோர்னியாவில் பேரி ஸ்டெர்மன் என்ற ஆய்வாளர் 1960-களில் பூனைகளுக்குப் பயிற்சி கொடுத்தார். 12 முதல் 15 ஹெர்ட்ஸ் வரையான அலை பெருகும்போதெல்லாம் பூனைக்குப் பாலும் கோழிச் சாறும். பூனைகள் அந்த அலையைப் பெருக்கக் கற்றுக்கொண்டன. பிறகு, அதற்குச் சம்பந்தமே இல்லாத வேறொரு வேலையாக, ராக்கெட் எரிபொருளின் நச்சுத்தன்மையைச் சோதிக்கும் ஆய்வு அவரிடம் வந்தது. அந்த வேதிப்பொருள் வலிப்பை உண்டாக்கும். பயிற்சி பெற்ற பூனைகள் வலிப்பை எதிர்த்து அதிக நேரம் தாக்குப்பிடித்தன. பூனைக்கு நம்பிக்கை, எதிர்பார்ப்பு, மருந்துப்போலி விளைவு எதுவும் கிடையாது என்பதால் இந்தக் கதை எனக்குப் பிடிக்கும். 1972-இல் வலிப்பு நோயாளி ஒருவரிடம் இதே பயிற்சியைச் செய்த ஆய்வுக்கட்டுரை வந்தது.

ஐந்து படிகள் கொண்ட ஆதார அளவுகோல் ஒன்று துறைக்குள்ளேயே இருக்கிறது. ஒவ்வொரு நோய்க்கும் எது எத்தனையாவது படியில் நிற்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் யாரும் கிளையன்டைத் தொடக் கூடாது.

#9 சந்தேகப்பிராணி

நேர்மையான பதில். என் பங்குக்கு ஒன்று: உளவியலாளர் நீல் மில்லர் எலிகளின் தசைகளை மருந்தால் செயலிழக்க வைத்து, அவற்றை இதயத் துடிப்பை மாற்றப் பழக்கியதாக 1960-களின் இறுதியில் சொன்னபோது உலகமே வியந்தது. பிறகு தன் ஆய்வகத்திலேயே அந்த முடிவு திரும்ப வரவில்லை என்று 1974-இல் அவரே எழுதினார். இந்தத் துறையை நான் கொஞ்சமாவது மதிப்பதற்கு அவர்தான் காரணம்.

#10 எட்டாம்செஷன்

இரண்டு நாள் வகுப்பை முடித்துவிட்டு நேராக வேலையில் இறங்கிய முட்டாள் இங்கே இருக்கிறேன். கதையைச் சொல்லிவிடுகிறேன், நூல்கண்டுவுக்கு உதவும்.

பன்னிரண்டு வயதுப் பையன். மென்பொருள் சொன்ன ப்ரோட்டோகால்: தீட்டாவைக் குறை, பீட்டாவைக் கூட்டு. எலெக்ட்ரோடு ஒட்டினேன், திரையில் பந்தயக் கார் ஓட ஆரம்பித்தது. பீட்டா ஏறினால் கார் வேகமாகப் போகும். முதல் செஷனில் சுமார். மூன்றாவதில் நன்றாக ஓட்டினான். ஆறாவதில் கார் பறந்தது. வரைபடம் அத்தனை அழகாக ஏறியது, அச்செடுத்து அவன் அம்மாவிடம் காட்டினேன். அவர் கண் கலங்கினார். வீட்டில் மாற்றம் தெரிகிறதா என்று கேட்டதற்கு, "இப்போதெல்லாம் சாயங்காலம் தலை வலிக்கிறது என்கிறான்" என்றார். அதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

எட்டாவது செஷனில் எனக்குத் தெரிந்த மூத்தவர் ஒருவர் சும்மா பார்க்க வந்தார். வரைபடத்தைப் பார்க்கவே இல்லை. பையனின் கன்னத்தைப் பார்த்தார். "தம்பி, வாயைக் கொஞ்சம் லேசாகத் திற" என்றார். கார் நின்றுவிட்டது.

பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டியிருக்கிறான். நெற்றிப்பொட்டுத் தசையின் மின்சாரம் பீட்டா அலைவரிசைக்குள் புகுந்து, கருவி அதை மூளை என்று எண்ணி, நான் அதைக் கவனம் என்று எண்ணி, எட்டு செஷன் அந்தப் பிள்ளைக்குப் பல்லைக் கடிக்கப் பயிற்சி கொடுத்திருக்கிறோம். தலைவலி ஏன் வந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அம்மாவைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன், வாங்கியதைத் திருப்பிக் கொடுத்தேன். பிறகு ஒன்றரை வருடம் கிளையன்ட் யாரையும் பார்க்காமல் முதலிலிருந்து படித்தேன். என் பெயர் ஏன் எட்டாம்செஷன் என்று இங்கே அடிக்கடி கேட்பீர்களே, இதுதான்.

#11 நூல்கண்டு

இதை எழுத எவ்வளவு துணிச்சல் வேண்டும். நன்றி. இதை முதல் நாளிலேயே எப்படிக் கண்டுபிடிப்பது?

#12 மூத்தகாக்கை

நீங்கள் பார்க்க வேண்டியது கச்சா அலை. வண்ணப் பட்டை, கார், பூ மலர்வது எல்லாம் கிளையன்டுக்கு. உங்கள் கண் எப்போதும் கச்சா அலைமேல் இருக்க வேண்டும். அதைத் தெளிவாகக் காட்டாத கருவி எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

என் மாணவர்களுக்கு நான் முதலில் கொடுக்கும் வேலை இது. எலெக்ட்ரோடு ஒட்டியதும் கிளையன்டிடம் கண்ணைச் சிமிட்டச் சொல்லுங்கள்: நெற்றிப் பக்கம் பெரிய, மெதுவான மேடு ஒன்று எழும், அது மெதுவான அலைகளான டெல்டா-தீட்டாவைக் கெடுக்கும். பல்லைக் கடிக்கச் சொல்லுங்கள்: அலை முழுக்க முள்முள்ளாகத் தடிக்கும், அது பீட்டாவைக் கெடுக்கும். தலையை ஆட்டச் சொல்லுங்கள், வயரை அசைத்துப் பாருங்கள். பிறகு கண்ணை மூடச் சொல்லுங்கள். தலையின் பின்பக்கம் ஆல்ஃபா, சுமார் 10 ஹெர்ட்ஸ், சீராக எழும்பி வந்தால் பெரும்பாலும் மூளையைத்தான் பார்க்கிறீர்கள். ஹான்ஸ் பெர்கர் 1924-இல் முதன்முதலாக மனித மூளையின் மின்னலையைப் பதிவு செய்து, ஐந்து வருடம் தன்னையே நம்பாமல் திரும்பத் திரும்பச் சோதித்து, 1929-இல்தான் வெளியிட்டார். அவர் கண்ட அலையும் இதுதான். அந்த ஐந்து வருடத்தை நாம் ஐந்து நிமிடமாவது செய்வோம்.

எலெக்ட்ரோடு வைக்கும் இடம் கண்மதிப்பில் கூடாது. 10-20 முறைப்படி மூக்கு மேட்டின் பள்ளத்திலிருந்து பின்மண்டை மேடு வரை, ஒரு காதிலிருந்து மறு காது வரை டேப் பிடித்து அளக்க வேண்டும். இரண்டும் நடுவில் வெட்டிக்கொள்ளும் உச்சிதான் சி-இசட். தோலைத் துடைத்து இம்பீடன்ஸ் (தோலுக்கும் எலெக்ட்ரோடுக்கும் இடையிலான மின்தடை) 5 கிலோ ஓமுக்குக் கீழே வரும் வரை பொறுமை. ஆரம்பத்தில் இதற்கே அரைமணி நேரம் ஆகும், வெட்கப்படாதீர்கள்.

#13 மூளைவரைபடம்

இங்கே எல்லோரும் பழங்காலத்தில் இருக்கிறீர்கள். இப்போது 19 சேனல் கியூ.இ.இ.ஜி. (மூளை அலைகளைக் கணக்கிட்டு வரையும் படம்) எடுத்தால் பதற்றமா, மனச்சோர்வா, கவனக்குறைபாடா என்று வண்ணப் படமே சொல்லிவிடும். பயிற்சி எல்லாம் தேவையில்லை. விவரத்துக்குத் தனிச்செய்தி அனுப்பவும். *[தொடர்பு எண் நீக்கப்பட்டது. விளம்பரம் வேண்டாம். – மட்டுறுத்துநர்]*

#14 மூத்தகாக்கை

கியூ.இ.இ.ஜி. பயனுள்ள கருவிதான், நானும் எடுக்கிறேன். அது செய்வது ஒப்பீடு: இந்த மூளையின் அலைகளை ஒரு தரவுத்தளத்தில் உள்ள அதே வயதினரின் சராசரியோடு வைத்துப் பார்க்கிறது. சராசரியிலிருந்து விலகியதெல்லாம் நோய் இல்லை. தூக்கக் கலக்கம், அன்றைக்குச் சாப்பிட்ட மருந்து, குடித்த காப்பி எல்லாமே படத்தை மாற்றும். சிவப்பு நிறத்தைக் காட்டி "உங்கள் மூளை இங்கே எரிகிறது" என்று சொல்லும் ஆளிடமிருந்து கிளையன்டைக் காப்பாற்றுவதும் நம் வேலைதான்.

#15 நிதானமூச்சு

நியூரோ சண்டைக்கு நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். நூல்கண்டு, உங்களிடம் வருபவர்களில் பாதி பதற்றம் என்றீர்கள். அப்படியானால் இதயத்துடிப்பு மாறுபாட்டுப் பயிற்சியில் தொடங்குங்களேன்.

மூச்சை இழுக்கும்போது துடிப்பு கொஞ்சம் வேகமாகும், விடும்போது குறையும். மூச்சை நிமிடத்திற்கு சுமார் ஆறுக்குக் கொண்டுவந்தால், இரத்த அழுத்தத்தைச் சமன்செய்யும் அனிச்சைச் செயலின் தாளமும் மூச்சின் தாளமும் ஒன்றோடொன்று பொருந்தி, அந்த ஏற்ற இறக்கம் பெரிய அலையாக விரியும். ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுவது போல. ஆறு என்பது எல்லோருக்கும் பொருந்தாது. நாலரையிலிருந்து ஆறரை வரை அரை அரையாக மாற்றிப் பார்த்து, அவரவர் வேகத்தைக் கண்டுபிடிக்க வேண்டும்.

புதியவர்கள் எல்லோரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. 'மெதுவாக' என்றால் கிளையன்ட் 'ஆழமாக' என்று எடுத்துக்கொள்வார். பெரிது பெரிதாக மூச்சுவிட்டு, கார்பன் டையாக்சைடு குறைந்து, தலை சுற்றி, பதற்றத்தைக் குறைக்க வந்தவருக்குப் பதற்றத்தையே கொடுத்து அனுப்புவோம். "மெதுவாக, ஆனால் சின்னதாக" என்று நான் பத்துத் தடவை சொல்வேன்.

#16 தசைநார்

இதோடு ஒரு எச்சரிக்கையும். உடல் தளரும் பயிற்சி எதுவானாலும் மருந்துத் தேவையை மாற்றக்கூடும். இன்சுலின் போடுபவர், இரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர் என்றால் அவருடைய மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சர்க்கரை தாழ்ந்து போவதைத் 'தளர்ச்சி நன்றாக வேலை செய்கிறது' என்று நினைத்துவிடக் கூடாது.

#17 எட்டாம்செஷன்

உளவியல் பக்கமும் ஒன்று: சிலருக்குத் தளரத் தளரப் பயம் வரும். பிடியை விட்டால் என்னாகுமோ என்று. பழைய காயம் உள்ளவர்களிடம் கண்ணை மூடிச் செய்யும் ஆல்ஃபா-தீட்டா பயிற்சியை ஆரம்பத்திலேயே எடுக்காதீர்கள். உள்ளே இருப்பது மேலே வந்தால் தாங்கிப் பிடிக்கும் பயிற்சி உங்களுக்கு இருக்க வேண்டும். நூல்கண்டுவுக்கு அது இருக்கும், கருவியை மட்டும் கற்றவருக்கு இருக்காது.

#18 நூல்கண்டு

இரண்டு மாதம் கழித்து வருகிறேன். கருவியை வாங்கவில்லை. பொது பயோஃபீட்பேக் பாடவகுப்பில் சேர்ந்து பாதி முடித்துவிட்டேன். மென்டர் கிடைத்திருக்கிறார். (2021 கேள்வியைக் கேட்டேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.)

என் மேலேயே செய்துகொள்ளும் செஷனில் மூன்று முடிந்திருக்கிறது. கை வெப்பம். விரல் நுனியில் சென்சார், ஆரம்பத்தில் 31.4 டிகிரி. ஏற்றிக் காட்டுகிறேன் என்று உட்கார்ந்தேன். ஆறு வருடமாக அடுத்தவருக்குத் தளர்வுப் பயிற்சி சொல்லிக் கொடுக்கிறவள், இதிலென்ன இருக்கிறது என்று நினைப்பு. முயன்றேன். 30.8. இன்னும் முயன்றேன். 30.1. மென்டர் ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்குக் கோபம் வந்தது, 29.6.

கடைசியில் "சரி, இன்றைக்கு இது ஆகாது" என்று மனதுக்குள் விட்டுவிட்டு, ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். நான்கைந்து நிமிடம் கழித்து அவர் திரையைக் காட்டினார். 32.9.

"முயலாதீர்கள், தானாக வரட்டும்" என்று எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். அந்த வார்த்தை கேட்பவருக்கு எவ்வளவு எரிச்சலூட்டும் என்று இப்போதுதான் தெரிகிறது. மூத்தகாக்கை, நீங்கள் சொன்ன அந்தப் 10 இதுதானா?

#19 மூத்தகாக்கை

இதுதான். பத்தில் மூன்று ஆகியிருக்கிறது. அடுத்ததில் தோளில் ஓர் இ.எம்.ஜி. சேனலையும் சேர்த்து வையுங்கள். முயலும்போது வெப்பம் இறங்குமுன் தோள் ஏறுகிறதா என்று பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள். அறையின் வெப்பநிலையையும் குறித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் சந்தேகப்பிராணி விடமாட்டார்.

#20 சந்தேகப்பிராணி

விடமாட்டேன். ஜன்னல் திறந்திருந்ததா?